விஎம்முக்குள் உபுண்டு, வெளியே விசிறிச் சத்தம்: எந்த வழி யாருக்கு?

பினாங்கில் கணினி படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வேலை சீக்கிரமே வந்துவிடும். மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைப் போட வேண்டும், அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும், டெர்மினலில் சில கட்டளைகளை ஓட்டித் திரையைப் படம்பிடித்து விரிவுரையாளருக்கு அனுப்ப வேண்டும். ஏற்றும் வரைக்கும் பிரச்சினை இல்லை. உபுண்டுவின் முகப்பு (டெஸ்க்டாப்) வந்து நின்ற பிறகுதான் தொல்லை தொடங்கும். உள்ளே ஒன்றையும் திறந்திருக்க மாட்டோம், ஆனாலும் விசிறி இரையும். விண்டோவைப் பிடித்து இழுத்தால் சற்றுத் தாமதித்துத்தான் பின்னால் வரும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியுவில் பெரும்பங்கை விர்ச்சுவல்பாக்ஸ் ஒன்றே பிடித்துக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரேம் கூட்டு என்பார் கடைக்காரர். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றி டூயல் பூட் போட்டுவிடு என்பான் கூடப் படிப்பவன். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான முகப்புக்கு இறங்கு என்பார் ஒருவர், விர்ச்சுவல்பாக்ஸை விட்டு விஎம்வேருக்குப் போ என்பார் இன்னொருவர். எல்லாமே யாரோ ஒருவருக்குச் சரியான பதில்தான். உங்களுக்கு எது சரி என்று தெரிய இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். உள்ளே சிபியுவைத் தின்பது எது? அந்த மெய்நிகர் கணினியை நீங்கள் எதற்காக வைத்திருக்கிறீர்கள்? இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல முடியும். முதலாவதைக் கணினியே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால் போதும்.

தின்பது யார்?

என் அக்காள் மகன் கெலுகோரிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எட்டு ஜிபி ரேம், நான்கு கோர், விண்டோஸ் 11. "மாமா, இன்னொரு எட்டு ஜிபி போட்டா சரியாயிருமா? கொம்தார் பக்கம் விலைகூடக் கேட்டுட்டேன்."

"காசை உள்ள வைடா. முதல்ல டாப் போடு."

அவன் உபுண்டுவின் சிஸ்டம் மானிட்டரைத் திறக்கப் போனான். அது வேண்டாம் என்றேன். அந்த நிரல் ஓயாமல் வரைந்துகொண்டிருக்கும் கோடுகளே இந்த மாதிரிக் கணினியில் சிபியுவைத் தின்னும். நோயைப் பார்க்கப் போய் நோயைக் கூட்டிக்கொண்டு வருவோம். டெர்மினலில் 'டாப்' என்று அடித்தால் வெறும் எழுத்தில் பட்டியல் வரும், அது போதும். பட்டியலின் உச்சியில் க்னோம் ஷெல், அதாவது உபுண்டுவின் முகப்பை ஓட்டும் நிரல், உட்கார்ந்திருந்தது. அதற்கு நேரே நூற்றைம்பதுக்கு மேல் ஒரு எண்.

"நூத்தம்பது பெர்சண்ட்டா? எப்படி மாமா?"

டாப் காட்டும் சதவீதம் சிபியுவின் ஒரு கோருக்கு உரியது. ஒரு கோர் முழுதாக ஓடினால் 100. அவன் தன் மெய்நிகர் கணினிக்கு இரண்டு கோர் கொடுத்திருந்தான், ஆகவே உச்சவரம்பு 200. அதில் முக்கால் பங்கை வெறும் முகப்பே சாப்பிடுகிறது என்று பொருள்.

உச்சியில் எப்போதும் க்னோம் ஷெல்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். புதிதாக ஏற்றிய உபுண்டுவில் முதல் சிறிது நேரம் புதுப்பிப்பு வேலைகள் ஓடும், கோப்புகளுக்கு அட்டவணை போடும் டிராக்கர் ஓடும். பெயர் பேக்கேஜ்கிட், ஸ்னாப்டி, டிராக்கர் மைனர் என்று இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். விட்டுவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் அப்புறம் யோசிக்கலாம். கேஸ்வாப்டி என்ற பெயர் மேலே நின்றால் கதை வேறு. நினைவகம் பற்றாமல் கணினி வட்டுக்கும் ரேமுக்கும் இடையே அல்லாடுகிறது என்று அர்த்தம். உபுண்டு 24.04 கேட்பது 4 ஜிபி. இரண்டு ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு அதற்குள் ஃபயர்ஃபாக்ஸையும் திறந்தால் இதுதான் நடக்கும். அந்த ஒரு நிலையில் கடைக்காரர் சொன்ன ரேம் சரியான மருந்து. மற்றபடி ரேம் வாங்குவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது.

க்னோம் ஷெல்தான் ஆள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, திரையை யார் தீட்டுகிறார்கள் என்பது. செட்டிங்ஸில் கணினி விவரங்களைத் திறந்தால் கிராஃபிக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமானால் மெசா யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி ஜிஎல்எக்ஸ் இன்ஃபோ கட்டளையை ஓட்டலாம். அந்த இடத்தில் எல்எல்விஎம்பைப் என்றோ சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்றோ வந்தால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது: தீட்டுவது கிராஃபிக்ஸ் சில்லு இல்லை, சிபியு.

உபுண்டு தன் யூனிட்டி முகப்பைக் கைவிட்டு க்னோமுக்கு வந்தது 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில். க்னோம் ஒவ்வொரு விண்டோவையும் ஒரு படமாக எடுத்து, ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தித் திரையில் காட்டும். இந்த வேலை கிராஃபிக்ஸ் சில்லுக்காகவே அமைந்தது. மெய்நிகர் கணினிக்குள் அந்தச் சில்லு கைக்கு எட்டாவிட்டால், லினக்ஸின் கிராஃபிக்ஸ் நூலகமான மெசாவின் எல்எல்விஎம்பைப் அதே வேலையைச் சிபியுவின் தலையில் கட்டிவிடும். தைப்பூசத்துக்கு அடிக்கும் பதாகையை அச்சு இயந்திரத்தில் கொடுக்காமல் புள்ளி புள்ளியாகக் கையால் தீட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது, விநாடிக்குப் பல முறை.

தீட்ட வேண்டிய புள்ளிகளின் கணக்கைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 1366க்கு 768 என்ற திரையில் ஏறத்தாழ 10 லட்சம் புள்ளிகள். 1920க்கு 1080 என்றால் 20 லட்சத்துக்கு மேல். 4கே திரையில் முழு அளவுக்கு விரித்தால் 83 லட்சம். அழகான பெரிய மானிட்டரை மாட்டி, உபுண்டுவை அதில் முழுத்திரையாக விரித்துவிட்டு, "நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆகவே செலவில்லாத முதல் மருந்து, உள்ளே இருக்கும் திரை அளவைக் குறைப்பது. இரண்டாவது, அணுகல்தன்மை அமைப்பில் அசைவூட்டங்களை நிறுத்துவது. இவை நோயைக் குணமாக்காது, காய்ச்சலை இறக்கும். ஒப்படைப்பு நாளை என்றால் இன்றைக்கு இது போதும்.

ஆமை இருக்கிறதா என்று பாருங்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் விண்டோஸ் பயனர்கள் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் கணினி ஓடும்போது அந்த விண்டோவின் அடியில், வலது மூலையில், சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒரு பச்சை ஆமை தெரிகிறதா?

தெரிந்தால், உங்கள் விர்ச்சுவல்பாக்ஸ் சிபியுவின் மெய்நிகராக்க வசதியை நேரடியாகப் பிடிக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான (ஹைப்பர்வைசர்) ஹைப்பர்-வி ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு மேலே தொற்றிக்கொண்டு ஓடுகிறது. நான் ஹைப்பர்-வியைப் போடவே இல்லையே என்பீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 போட்டிருந்தால் அது வந்திருக்கும். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் போட்டிருந்தாலும் வந்திருக்கும். ஒன்றுமே போடாமல்கூட, விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் கோர் ஐசொலேஷன் என்ற தலைப்பின் கீழ் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு முன்கூட்டியே திறந்திருக்கும். அதுவும் இதே ஹைப்பர்வைசரைத்தான் எழுப்பும்.

ஆமையை விரட்டலாம். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றின் குறிகளை எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் விலை இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் 2 நின்றுபோகும், டாக்கரும் அதோடு படுக்கும், ஒரு பாதுகாப்பு அடுக்கும் போய்விடும். படிப்புக்கு மட்டும் என்று தனியாக ஒரு பழைய மடிக்கணினி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். வங்கிக் கணக்கு, வேலை எல்லாம் ஒரே கணினியில் என்றால் நான் மெமரி இன்டெக்ரிட்டியைத் தொட மாட்டேன், கீழே வரும் வேறு வழிக்குப் போய்விடுவேன்.

க்னோமையே வைத்துக்கொண்டு சரிசெய்வது

விரிவுரையாளர் காட்டும் திரையும் நம் திரையும் ஒன்றாக இருந்தால்தான் பாடம் புரியும் என்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. மெய்நிகர் கணினியை முழுதாக அணைத்துவிட்டு, டிஸ்ப்ளே அமைப்பில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கிறதா பாருங்கள். வீடியோ நினைவகத்தை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். 3டி முடுக்கம் என்ற பெட்டியில் குறி போடுங்கள். கணினியை எழுப்பி, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர்களான கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுங்கள். மறுபடி தொடங்கி, முன்பு எல்எல்விஎம்பைப் என்று வந்த அதே இடத்தைப் பாருங்கள். எஸ்விஜிஏ3டி என்று வந்தால் வெற்றி. இப்போது தீட்டும் வேலை உங்கள் உண்மையான கிராஃபிக்ஸ் சில்லுக்குப் போகிறது, டாப் பட்டியலில் க்னோம் ஷெல் மளமளவென்று இறங்கும்.

இறங்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் விர்ச்சுவல்பாக்ஸின் 3டி முடுக்கம் ஒரு கணினியில் வெண்ணெய்யாக ஓடும், அடுத்த கணினியில் கருப்பு விண்டோவைக் காட்டும், இன்னொன்றில் உள்நுழையும் திரையிலேயே உறைந்து நிற்கும். விண்டோஸ் பக்கத்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் சிலருக்குத் தீரும். 24.04 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. உள்நுழையும் திரையில் கடவுச்சொல் அடிப்பதற்கு முன் கீழ் மூலையில் இருக்கும் பற்சக்கரத்தைச் சொடுக்கி, திரையைக் கையாளும் புதிய முறையான வேலாண்டுக்குப் பதிலாகப் பழைய எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தால் பல கோளாறுகள் அடங்கும். ஆனால் 25.10 முதல் உபுண்டு க்னோமுக்கு எக்ஸ்ஆர்க் அமர்வே தருவதில்லை, அந்தக் கதவு மூடியாகிவிட்டது. "புதுசுதான் நல்லது" என்று இடைக்காலப் பதிப்பை இறக்குபவர்கள் கவனிக்க.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கோர் எண்ணிக்கை. சிபியு பற்றவில்லை என்றதும் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுக்கத் தோன்றும். நான்கு கோர் உள்ள கணினியில் நான்கையும் உள்ளே தள்ளினால் விண்டோஸ் மூச்சுத் திணறும், அது திணறினால் அதன் மேல் ஓடும் உபுண்டுவும் திணறும். ஒன்று மட்டும் கொடுத்தாலும் சரிப்படாது, தீட்டும் வேலையும் மற்ற வேலையும் ஒரே கோரில் அடித்துக்கொள்ளும். நான்கு கோர் கணினியில் இரண்டு, எட்டு கோர் கணினியில் நான்கு. அதற்கு மேல் கொடுத்துப் பயனடைந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் கருத்து: இந்த வழிக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். சரியாக வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

முகப்பை இறக்குவது

எட்டு ஜிபி மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். எக்ஸ்எஃப்சிஇ முகப்புக்கு ஓப்பன்ஜிஎல் வேண்டியதே இல்லை. அதன் விண்டோ மேலாளர் நிழலும் ஒளிபுகும் ஓரமும் வரைவதற்குக் கம்போசிட்டர் ஒன்றை வைத்திருக்கிறது, அதையும் விண்டோ மேலாளர் நுண்மாற்றங்கள் என்ற அமைப்பில் ஒரே குறியை எடுத்து நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் திரையில் மாறிய பகுதி மட்டும் திரும்ப வரையப்படும், மற்றது அப்படியே கிடக்கும். கிராஃபிக்ஸ் சில்லே இல்லாத மெய்நிகர் கணினிக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. ஆமை இருந்தாலும் தாக்குப்பிடிக்கும், ரேமும் கணிசமாக மிச்சமாகும்.

இரண்டு விதமாக இதற்குப் போகலாம். ஏற்கெனவே உள்ள உபுண்டுவின் மேல் எக்ஸ்எஃப்சிஇ தொகுப்பை நிறுவி, உள்நுழையும்போது அந்த அமர்வைத் தேர்வது ஒன்று. க்னோம் அப்படியே இருக்கும், வேண்டும்போது திரும்பலாம். பட்டியலில் இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு அமைப்புப் பலகை என்று கொஞ்சம் குப்பை சேரும், பரவாயில்லை. முதலிலிருந்தே, எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் உபுண்டுக் கிளையான சுபுண்டுவை ஏற்றுவது மற்றொன்று. சுத்தமாக இருக்கும். ஆனால் ஆதரவுக் காலத்தைப் பாருங்கள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு, சுபுண்டு, லுபுண்டு போன்ற கிளைகளுக்கு மூன்று. 24.04ஐ எடுத்தால் கிளைகளுக்கு 2027 ஏப்ரலோடு முடிகிறது. இரண்டாண்டு டிப்ளோமாவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அலுவலகத்தில் நெடுநாள் ஓட வேண்டிய கணினிக்குப் பொருட்டு.

எக்ஸ்எஃப்சிஇயா, லுபுண்டுவின் எல்எக்ஸ்கியூடியா? எல்எக்ஸ்கியூடி இன்னும் சற்று இலேசு. நான் எக்ஸ்எஃப்சிஇ பக்கம்தான் சாய்வேன், அமைப்புகள் தேடிய இடத்தில் கிடைக்கும். மாட்டே என்ற முகப்பும் நல்லதுதான், பழைய க்னோம் 2 கைப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு தவறான திருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். "மிண்ட் இலேசானது" என்று கேள்விப்பட்டு லினக்ஸ் மிண்டின் சினமன் பதிப்பை ஏற்றுபவர்கள் நிறைய. சினமனும் க்னோம் போலவே கிராஃபிக்ஸ் சில்லை நம்பி நிற்கும் முகப்பு. மெய்நிகர் கணினியில் முடுக்கம் இல்லாமல் எழுந்தால் அதுவே ஓர் அறிவிப்பைக் காட்டும்: வன்பொருள் முடுக்கம் இல்லாமல் ஓடுகிறேன், சிபியுப் பயன்பாடு வழக்கத்தைவிட மிக அதிகமாக இருக்கலாம் என்று. இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் மென்பொருள் அரிது. அதைப் படிக்காமல் மூடிவிடுகிறோம். மிண்ட்தான் வேண்டுமென்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். கேடிஇ பிளாஸ்மா என்ற முகப்பும் இதே வகைதான். அதில் பாலூ என்ற கோப்பு அட்டவணை நிரலும் சேர்ந்துகொள்ளும்.

கீழே இருக்கும் மென்பொருளை மாற்றுவது

க்னோம் வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸின் 3டி ஒத்துவரவில்லை. அப்போது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ. முன்பு இதற்குக் காசு கட்ட வேண்டியிருந்தது, மாணவர்களிடம் இந்தப் பேச்சே எடுக்க முடியாது. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கியது. 2024 மே மாதம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் வணிகப் பயன்பாடு உட்பட எல்லாருக்கும் இது இலவசமானது. பிராட்காம் தளத்தில் கணக்குத் திறந்து, பல பக்கங்கள் அலைந்து இறக்க வேண்டும், அதுதான் இப்போதைய விலை. லினக்ஸுக்குள் க்னோமை ஓட்டுவதில் இதன் 3டி முடுக்கம் விர்ச்சுவல்பாக்ஸைவிட நிதானமானது என்பது என் அனுபவம். உள்ளே தேவைப்படும் ஓப்பன் விஎம் டூல்ஸ் உபுண்டுவின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. விஎம்வேரில் ஆமைப் படம் தெரியாது, ஆனால் விண்டோஸில் ஹைப்பர்-வி விழித்திருந்தால் இதுவும் அதன் மேல்தான் ஓடும், வேகத்தில் கொஞ்சம் போகும். அடுத்தது, பாடத்திட்டமே விர்ச்சுவல்பாக்ஸ் கோப்பைத்தான் ஒப்படைக்கச் சொல்கிறது என்றால் மாறுவதற்கு முன் விரிவுரையாளரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"விண்டோஸில் ஹைப்பர்-வி இருக்கிறதே, அதையே பயன்படுத்தினால் என்ன" என்ற கேள்வி அடிக்கடி வரும். ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி மேலாளர் கிடையாது, புரோ வேண்டும். புரோ இருந்தாலும் லினக்ஸ் முகப்புக்கு அதில் 3டி முடுக்கம் கிடைக்காது, எல்எல்விஎம்பைப்தான். எழுத்துத்திரை சர்வருக்கு அருமை, க்னோமுக்குச் சரிப்படாது.

மடிக்கணினியிலேயே லினக்ஸ் ஓடுகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு வேண்டியதில்லை. லினக்ஸிலேயே இருக்கும் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மை வைத்து விர்ட்-மேனேஜரில் கணினியை உருவாக்கி, வீடியோவுக்கு விர்ட்டியோவைத் தேர்ந்து 3டி முடுக்கத்தைத் திறந்து, ஸ்பைஸ் காட்சியில் ஓப்பன்ஜிஎல்லுக்கு அனுமதி கொடுங்கள். உள்ளே விர்ஜிஎல் என்று வந்தால் முடிந்தது.

ஆப்பிள் சில்லு உள்ள மேக்புக் வைத்திருப்பவர்கள் ஒன்றே ஒன்றைப் பாருங்கள். எந்த உபுண்டுவை இறக்கினீர்கள்? இன்டெல் கணினிக்கான பதிப்பை யூடிஎம் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஓட்டினால் அது மெய்நிகராக்கம் இல்லை, முழுப் போலச்செய்தல். ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டுகிறது, சிபியு எரியாமல் என்ன செய்யும்? ஆப்பிள் சில்லுக்கு ஏற்ற ஆர்ம்64 பதிப்பை ஏற்றினால் அந்தக் கதை அத்தோடு முடியும்.

முகப்பே இல்லாமல்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். அந்த மெய்நிகர் கணினி உங்களுக்கு எதற்கு? வலைச் சர்வர் அமைக்க, பைத்தான் எழுத, ஷெல் கட்டளை பழக என்றால் முகப்பு வெறும் சுமை. உபுண்டுவை மல்டி-யூசர் நிலையில், அதாவது எழுத்துத்திரையோடு மட்டும், எழும்படி மாற்றிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் நேட் இணைப்பின் போர்ட் ஃபார்வர்டிங்கில் 2222ஐ உள்ளே இருக்கும் 22க்குத் திருப்புங்கள். உள்ளே, வெளியிலிருந்து டெர்மினல் வழியாக நுழையவிடும் ஓப்பன் எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி, விண்டோஸ் டெர்மினலிலிருந்து நுழையுங்கள். கணினியை ஹெட்லெஸ் முறையில் தொடங்கினால் விண்டோகூடத் திறக்காது, பின்னால் சத்தமில்லாமல் ஓடும். விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்சியைப் போட்டுவிட்டால் கோப்புகளை விண்டோஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து திருத்தலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் கூடுதல் வசதி உண்டு, விசைப்பலகை அமைப்பை உள்ளே தனியாக ஏற்ற வேண்டியதில்லை.

சிபியுவைப் பொறுத்தவரை இதை மிஞ்சும் வழி கிடையாது. சும்மா இருக்கும்போது டாப் பட்டியலில் ஒன்றுமே மேலே நிற்காது.

டபிள்யூஎஸ்எல் 2 இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும், 2022 முதல் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும் உண்டு, தனித்தனி லினக்ஸ் நிரல்களின் விண்டோக்களையும் விண்டோஸ் திரையிலேயே காட்டும். இயல்பாக மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும், எட்டு ஜிபி கணினியில் அமைப்புக் கோப்பில் வரம்பு போட்டுவிடுவது நல்லது. நிரல் எழுத மட்டும் லினக்ஸ் வேண்டும் என்பவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம், இதை எடுங்கள். ஆனால் வட்டைப் பிரித்துப் பழகுவது, லினக்ஸை எழுப்பும் கிரப்பை உடைத்துச் சரிசெய்வது, மூன்று கணினிகளை இணைத்து வலையமைப்பு கட்டுவது போன்ற பாடங்கள் இதில் நடக்காது. அதற்கு உண்மையான மெய்நிகர் கணினிதான் வேண்டும்.

டூயல் பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிராஃபிக்ஸ் சில்லு நேரடியாகக் கிடைக்கும், சிபியுப் பிரச்சினை பறந்துபோகும். ஆனால் வட்டைப் பிரிக்கும்போது விண்டோஸ் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி கையில் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஒரு பருவப் பாடத்துக்காக இவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. லினக்ஸையே அன்றாடம் பயன்படுத்தப் போகிறேன் என்பவர்களுக்கு அது தனிக் கதை.

அக்காள் மகனின் கணினியில் ஆமை இருந்தது. டாக்கர் பாடமும் இருந்ததால் விரட்ட வழியில்லை. 3டி முடுக்கத்தைத் திறந்து பார்த்தோம், விண்டோவின் தலைப்புப் பட்டைகள் மின்னி மின்னி மறைந்தன. மூடிவிட்டு தேவைப்பட்டால் திரும்ப வருவதற்கு அந்த நிலையைச் சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். அப்புறம் எக்ஸ்எஃப்சிஇயை ஏற்றிக் கம்போசிட்டரை நிறுத்தினோம். டாப்பில் முகப்பு பட்டியலின் நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டது. யூடியூப் மட்டும் அதற்குள் பார்க்காதே, அதை விண்டோஸிலேயே பார் என்று சொல்லி அனுப்பினேன். முடுக்கம் இல்லாத இடத்தில் காணொளியைப் பிரிப்பதும் வரைவதும் சிபியுதான், எந்த முகப்புக்கு மாறினாலும் அது மாறாது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் கேட்பது வேறு மாதிரி. அவர்களுடையது நிறுவன மடிக்கணினி. மெமரி இன்டெக்ரிட்டியை நிறுத்த அனுமதி கிடையாது, விண்டோஸ் அம்சங்களைத் தொட நிர்வாகி உரிமை கிடையாது, டூயல் பூட் பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் ஆமையோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது எழுத்துத்திரைக் கணினியும் எஸ்எஸ்எச்சும். சோதனை முடிவுகளைப் பார்க்க வரைபட நிரல் ஏதாவது கட்டாயம் வேண்டுமென்றால் உள்ளே எக்ஸ்எஃப்சிஇ, கம்போசிட்டர் இல்லாமல், 1366க்கு 768 திரையில். அதுவும் ஓடவில்லை என்றால் ஐடி பிரிவில் தனி லினக்ஸ் சர்வரில் ஒரு கணக்குக் கேளுங்கள். மடிக்கணினிக்கு ரேம் கேட்டு மனுப்போடுவதைவிட அது சீக்கிரம் கிடைக்கும்.